உவமை எங்கே வேண்டும், விவரம் எங்கே வேண்டும்?

சிறப்புக் கட்டுரைகளில் அணிநயம், கதை சொல்லும் முறை ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். பதில்களில் வரும் மாதிரி வாக்கியங்கள் விளக்கத்துக்காக எழுதப்பட்டவை.

கேள்வி: என் கட்டுரைகளில் உவமை அதிகம் என்று ஆசிரியர் ஒவ்வொரு முறையும் அடித்துத் தள்ளுகிறார். ஆனால் சில உவமைகளை மட்டும் தொடாமல் விடுகிறார். எது நிற்கும், எது நிற்காது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

தொல்காப்பியத்தின் உவமவியல் முதல் நூற்பாவிலேயே இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. உவமை தோன்றும் இடங்கள் நான்கு: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். எழுதிய உவமையை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நான்கில் எது ஒத்துப்போகிறது என்று கேளுங்கள். ஒன்றுமே ஒத்துவரவில்லை என்றால் அந்த உவமை வெறும் சத்தம்.

கல் உடைக்கும் தொழிலாளர்களுக்கு வரும் சிலிகோசிஸ் நோயைப் பற்றி எழுதுகிறீர்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிறீர்கள். “அவருடைய நுரையீரல் போர்க்களம் போல இருந்தது” என்று எழுதினால் வடிவம், நிறம், செயல், விளைவு எதுவும் பொருந்தாது. படிப்பவர் கண்ணுக்குப் படமே வராது. “நுரையீரலின் மேல்பகுதியில் மணலை அள்ளித் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்” என்று எழுதிப் பாருங்கள். புள்ளியின் அளவு பொருந்துகிறது, சிதறிக் கிடக்கும் விதம் பொருந்துகிறது. அதற்கும் மேலே, அந்த நோய்க்குக் காரணமே சிலிக்கா துகள்கள்தான், மணலில் இருப்பதும் அதுவே. நோய் எங்கிருந்து வந்தது என்பதைத் தனி வாக்கியம் இல்லாமலே உவமை சொல்லிவிடுகிறது. ஆசிரியர் தொடாமல் விடுவது இப்படிப்பட்ட உவமையைத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுரையாளர் இலக்கணத்திலிருந்து விலக வேண்டியிருக்கிறது. உவமிக்கப்படும் பொருளைவிட உவமை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது பாட்டுக்கான விதி. கட்டுரையில் உயர்வைவிடப் பழக்கம் முக்கியம். படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளாக உவமை இருக்க வேண்டும். எரிமலை வாயைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கொதிக்கும் உலையைப் பார்க்காதவர் யாரும் இல்லை.

எங்கே வைப்பது என்பது அடுத்தது. படிப்பவர் பார்த்திராத கருவி, உடலுக்குள் நடக்கும் மாற்றம், கற்பனைக்கு எட்டாத அளவு ஆகிய இடங்களில் உவமைக்கு வேலை இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த துக்கத்துக்கும் களைப்புக்கும் உவமை தேவையில்லை. அங்கே விவரம் போதும். “இரவுப் பணிச் செவிலியர் தேனீயைப் போலச் சுழன்றார்” என்பதைவிட, “22 படுக்கைகளை விடிவதற்குள் மூன்று முறை சுற்றிவந்தார். பணிக்கு வரும்போது கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை” என்பது கனமானது. தண்டியலங்காரம் பொருளணிகளை அடுக்கும்போது உவமைக்கும் முன்னால், முதலாவதாக வைப்பது தன்மையணியை. உள்ளதை உள்ளபடி சொல்வதையும் ஓர் அணியாகவே கண்டார்கள். சிறப்புக் கட்டுரைக்கு இதுதான் முதல் அணி.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: ஆயிரம் சொல்லுக்கு இரண்டு உவமை தாராளம். ஒரே பத்தியில் இரண்டு வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

கேள்வி: செய்தித் தமிழில் புழங்கும் உருவகங்களைச் சிறப்புக் கட்டுரையிலும் பயன்படுத்தலாமா? “கோரத் தாண்டவம்”, “விஸ்வரூபம்” போன்றவற்றை வாசகர்கள் உடனே புரிந்துகொள்கிறார்களே?

உடனே புரிகிறது என்பது உண்மை. தேய்ந்துபோனது என்பது சின்னக் குறைதான். பெரிய குறை, இந்த உருவகங்கள் காரணத்தை மறைத்துவிடுகின்றன என்பது.

“மூன்று உயிர்களைக் காவு வாங்கிய பள்ளம்” என்ற தொடரைப் பாருங்கள். காவு வாங்குவது ஒரு துர்தேவதையின் செயல். பள்ளத்துக்கு அந்த வேடத்தைப் போட்டதும், பள்ளத்தைத் தோண்டியவர், மூடாமல் போனவர், தடுப்பு வைக்காதவர் எல்லோரும் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். “குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், வேலை முடிந்து நான்கு மாதமாகியும் மூடப்படவில்லை. சுற்றிலும் தடுப்பு இல்லை, விளக்கு இல்லை” என்று எழுதினால் அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்பது எழுதுபவருக்கும் தெரிகிறது, படிப்பவருக்கும் தெரிகிறது. தீ “கோரத் தாண்டவம் ஆடியது” என்றால், பூட்டியிருந்த அவசரக் கதவு காணாமல் போகும். பிரச்சினை “விஸ்வரூபம் எடுத்தது” என்றால், அது வளர்ந்த மாதங்களும் அதை வளர விட்டவர்களும் காணாமல் போவார்கள்.

ஆகுபெயரும் இதே வேலையைச் செய்யும். “மருத்துவமனை சிகிச்சை தர மறுத்தது” என்று எழுதுகிறோம். கட்டடம் மறுக்காது. வரவேற்பு மேசையில் இருந்தவரா, பணி மருத்துவரா, முன்பணம் இல்லாமல் பதிவை ஏற்காத கணினியா? தலைப்பில் இடமில்லை, அங்கே ஆகுபெயர் இருக்கட்டும். உள்ளே ஒரு இடத்திலாவது ஆளைச் சொல்லியாக வேண்டும். பெயர் வெளியிட முடியாவிட்டால் பதவியைச் சொல்லுங்கள்.

நோயைப் போராகக் காட்டும் உருவகத்தையும் கவனமாகக் கையாளுங்கள். “புற்றுநோயுடன் போராடித் தோற்றார்” என்றால் இறந்தவர் போதுமான அளவு போராடவில்லை என்ற பொருள் ஓரமாக ஒட்டிக்கொள்கிறது. அதைப் படிக்கப்போகிறவர்களில் அவருடைய குடும்பமும் உண்டு.

கேள்வி: “வானமும் அவர்களுக்காக அழுதது” என்று எழுதினேன். அன்று உண்மையிலேயே மழை பெய்தது. இதிலென்ன தவறு?

இது தற்குறிப்பேற்றம். இயல்பாக நடப்பதன் மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் அசைவது, கோவலனை “வராதே” என்று தடுப்பதாகக் காட்டப்படுகிறது. காப்பியத்தில் அது பெரும் அழகு. கேட்பவருக்கு முடிவு தெரியும், சொல்பவர் புலவர் என்பதும் தெரியும். கட்டுரையில் நீங்கள் சாட்சி. மழை பெய்தது என்பது சாட்சியம், அழுதது என்பது உங்கள் ஊகம். மழையை அப்படியே விட்டுவிடாதீர்கள், அது என்ன செய்தது என்று பாருங்கள். குழி தோண்டியவர்கள் இரண்டு முறை தண்ணீரை இறைக்க வேண்டியிருந்ததா? வந்தவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்களா? அதை எழுதினால் மழை தானாகவே பேசும்.

கேள்வி: காட்சியில் தொடங்கும் கட்டுரைகளை ஆசிரியர் குழு திருப்பி அனுப்புகிறது. “விஷயத்துக்கு வா” என்கிறார்கள். செய்தி போல எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. காட்சியில் தொடங்கியது குற்றமில்லை, அது எதற்கு என்பது தாமதமாக வருவதுதான் பிரச்சினை. 1,200 சொல் கட்டுரையில் தொடக்கக் காட்சிக்கு 120 முதல் 150 சொல் வரை கொடுக்கலாம். நான்காவது, அதிகம் போனால் ஐந்தாவது பத்தியில் மையப் பத்தி வந்துவிட வேண்டும். செய்தி அறைகளில் ‘நட் கிராஃப்’ என்று சொல்லப்படுவது இதுதான். ஐம்பது, அறுபது சொல்லில் மூன்று கேள்விகளுக்கு அது பதில் சொல்லும்: இவருக்கு நடப்பது இன்னும் யாருக்கெல்லாம் நடக்கிறது, இப்போது ஏன் இதைப் படிக்க வேண்டும், இந்தக் கட்டுரை எதைக் காட்டப்போகிறது. எழுதத் தொடங்கும் முன்பே இந்தப் பத்தியை எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் தகவல் சேகரிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

எந்தக் காட்சி என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். கையில் இருப்பதிலேயே கண்ணீர் அதிகமான காட்சியை எடுத்து முன்னால் வைப்பார்கள். எடுக்க வேண்டியது, பிரச்சினை இயங்குவது கண்ணுக்குத் தெரியும் காட்சியை. உதவித்தொகை கிடைக்காத முதியவரைப் பற்றிய கட்டுரை என்றால், அவர் வீட்டுத் திண்ணையில் அழுவதைவிட, விரல்ரேகைக் கருவியில் நான்காவது முறையாகக் கட்டைவிரலை அழுத்துவது நல்ல தொடக்கம். உழைத்துத் தேய்ந்த ரேகை, ஏற்காத கருவி, பின்னால் நீளும் வரிசை, “நாளைக்கு வாங்க” என்ற குரல். கட்டுரையின் மொத்த வாதமும் அங்கே இருக்கிறது. “காலை ஏழு மணி. லேசான தூறல்” என்ற தொடக்கத்தை, நேரத்துக்கும் தூறலுக்கும் பின்னால் வேலை இருந்தாலொழிய எழுத வேண்டாம்.

நேரத்துக்கு வேலை இருக்கும் தொடக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்க நிருபர் ஜான் ஹெர்சியின் ‘ஹிரோஷிமா’வைப் பார்க்கலாம். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூயார்க்கர் இதழ் முழுவதையும் அந்த ஒரு கட்டுரைக்கே கொடுத்தார்கள். முதல் வாக்கியத்திலேயே 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணி வந்துவிடுகிறது. அணுகுண்டு வெடித்த அந்த நொடியில் ஓர் அலுவலக எழுத்தர் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். உயிர் தப்பிய ஆறு பேரின் வழியாகவே கட்டுரை நகர்கிறது. குரலை எங்கும் உயர்த்தாததால்தான் அது இன்றும் தாங்க முடியாததாக இருக்கிறது.

கேள்வி: கட்டுரையில் வருபவரின் மனவோட்டத்தை எழுதலாமா? “இனி வீடு திரும்ப முடியாது என்று அவளுக்குத் தோன்றியது” என்பது போல?

அவரே சொல்லியிருந்தால் எழுதலாம். மூன்றாம் மனிதர் பார்வையில் மனதுக்குள் புகுந்து எழுதுவது, காட்சி காட்சியாக அடுக்குவது, உரையாடலை முழுதாகத் தருவது, ஆளின் நிலையைக் காட்டும் சின்னச் சின்னப் பொருட்களைக் குறிப்பது ஆகிய நான்கையும் ‘புதிய இதழியல்’ என்ற கதைபோல எழுதும் இதழியல் முறையின் கருவிகளாக அமெரிக்க எழுத்தாளர் டாம் வுல்ஃப் 1973இல் வகுத்துச் சொன்னார். நான்கும் நாவலிலிருந்து வந்தவை. நாவலாசிரியர் கற்பனை செய்துகொள்ளும் இடத்தில் கட்டுரையாளர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. “அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?” என்றால் “ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு” என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. எழுதுபவர் அந்த வெற்றிடத்தை “மனதில் இடி இறங்கியது” என்று நிரப்பிவிடுவார். மாற்றிக் கேளுங்கள். அப்போது நின்றிருந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா? கையில் என்ன இருந்தது? முதலில் கேட்ட சத்தம் எது? யாரை அழைக்க நினைத்தீர்கள்? அடுத்த நிமிடம் என்ன செய்தீர்கள்? கைப்பொருளை நினைவுபடுத்தினால் பெரும்பாலும் நினைப்பும் கூடவே வந்துவிடும்.

பிறகு சரிபார்ப்பு. அதே அறையில் இருந்த இன்னொருவரிடம் தனியாகக் கேளுங்கள். அலைபேசி அழைப்புப் பட்டியல், வானிலைப் பதிவு, மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டு, கண்காணிப்பு கேமராப் பதிவு என்று காகிதத்திலோ திரையிலோ ஏதாவது ஒன்று நேரத்தை உறுதிசெய்ய வேண்டும். இருவர் சொல்வதும் முரண்பட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காதீர்கள். “அவர் கதவைத் தட்டியதாகச் சொல்கிறார், தம்பிக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை” என்று இரண்டையும் எழுதினால் காட்சிக்கு ஆழம்தான் கூடும்.

காலம் பற்றியும் ஒரு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறோம். நீங்களே நேரில் பார்த்ததை மட்டும் நிகழ்காலத்தில் எழுதுங்கள்: “கதவைத் திறக்கிறார்.” பிறர் சொல்லக் கேட்டுத் தொகுத்ததை இறந்தகாலத்தில் எழுதுங்கள்: “கதவைத் திறந்தார் என்கிறார் மகள்.” தமிழ்க் கட்டுரைகளில் இரண்டும் கலந்து குழம்புவதால், நிருபர் அங்கே இருந்தாரா இல்லையா என்றே தெரியாமல் போகிறது. ‘-ஆம்’ விகுதியிலும் எச்சரிக்கை தேவை. “அன்று சாப்பிடவே இல்லையாம்” என்றால் கேள்விப்பட்டது என்ற பொருளோடு, நம்பவில்லை என்ற தொனியும் சில நேரம் சேர்ந்துவிடும்.

கேள்வி: மேற்கோள்களைப் பேச்சுத்தமிழில் தருவதா, எழுத்துத்தமிழில் தருவதா?

கட்டுரையின் நடை எழுத்துத்தமிழாக இருக்கட்டும், மனிதர்கள் பேச்சுத்தமிழில் பேசட்டும். ஆனால் எல்லோரும் பேசட்டும். ஒரே கட்டுரையில் துப்புரவுத் தொழிலாளி “தண்ணி வரலீங்க, என்னத்த பண்றது” என்கிறார், பொறியாளர் “மோட்டார் பழுதடைந்துள்ளது, விரைவில் சரிசெய்யப்படும்” என்கிறார். பொறியாளர் உண்மையில் சொன்னது “மோட்டார் ரிப்பேர் ஆயிடுச்சு, சீக்கிரம் சரி பண்ணிடுவோம்.” ஒருவரைத் திருத்தி, இன்னொருவரை அப்படியே விட்டது எழுதியவரின் கை. அந்த ஏற்றத்தாழ்வு வாசகருக்குள் சத்தமில்லாமல் இறங்கிவிடும். பொறியாளரையும் பேசியபடியே பேச விடுங்கள்.

உச்சரிப்பை ஒவ்வோர் எழுத்திலும் பிடிக்க முயல வேண்டாம். படிக்கவும் சிரமம், கேலி போலவும் ஆகிவிடும். வினைமுற்றும் வாக்கிய ஓட்டமும் அவருடையதாக இருந்தால் போதும். அவர் மட்டுமே சொல்லும் ஓரிரு சொற்களை அப்படியே வையுங்கள். “ஷிப்ட்”, “ஓ.டி.” என்று சொன்னால் அதையே எழுதுங்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல்: ‘என்கிறார்’ கடைசியில் வருகிறது. ஆறு வரி மேற்கோள் முடிந்த பிறகுதான் யார் பேசியது என்று தெரிகிறது. புதியவர் பேசும்போது ஆளை முன்னால் வையுங்கள். அல்லது முதல் வாக்கியத்தோடு மேற்கோளை உடைத்து, “...என்ற செவிலியர், சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்” என்று நுழையுங்கள். உண்மையிலேயே நிறுத்தியிருந்தால் மட்டும்.

கேள்வி: புள்ளிவிவரம் வந்ததும் கதை செத்துவிடுகிறது. என்ன செய்வது?

ஒரு பத்திக்கு இரண்டு எண்ணுக்கு மேல் வேண்டாம். பெரிய எண்ணைக் கையில் பிடிக்கும் அளவுக்கு மாற்றுங்கள்: நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் என்றால், 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் எட்டு போக மிச்சமும் இருக்கும். வகுத்துப் பார்த்து எழுதுங்கள், குத்துமதிப்பு வேண்டாம்.

எண்ணைவிடக் கதையைக் கொல்வது நடுத்தரமான சொற்கள். கண்ணால் காணும் பொருளிலிருந்து பொதுக் கருத்து வரை படிப்படியாக ஏறுவதாக மொழியறிஞர் ஹயகாவா விளக்கிய அருவப்படுத்தலின் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படியில் “வறுமை”. கீழ்ப்படியில் மகளின் பள்ளிக் காலணிக்குள் மடித்து வைத்த அட்டை. நடுவில் “சமூகப் பொருளாதாரக் காரணிகள்”. காட்சி கீழ்ப்படியில் நடக்கும், மையப் பத்தி மேல்படியில் நிற்கும். நடுப்படியில் பத்தி பத்தியாக உட்கார்ந்திருக்கும் கட்டுரையை யாரும் முடிப்பதில்லை.

கேள்வி: மூன்று பேரின் அனுபவத்தைச் சேர்த்து ஒரே பாத்திரமாக்கினால் கதை இறுக்கமாக வருகிறது. செய்யலாமா?

கூடாது. வாஷிங்டன் போஸ்ட்டில் 1980 செப்டம்பரில் ஜேனட் குக் எழுதிய கட்டுரையில், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். 1981 ஏப்ரலில் அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்த சில நாட்களிலேயே அப்படி ஒரு சிறுவனே இல்லை என்பது வெளிவந்து, பரிசு திருப்பித் தரப்பட்டது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ், தன் நிருபர் கிளாஸ் ரெலோட்டியஸ் பல கட்டுரைகளில் ஆட்களையும் காட்சிகளையும் புனைந்ததைத் தானே வெளியிட்டது. இரண்டு இடத்திலும் ஆசிரியர் குழு மயங்கியது கதையின் இறுக்கத்தில்தான்.

பெயரை மட்டும் மாற்றலாம், பெயர் முதலில் வரும் இடத்திலேயே அதைச் சொல்லிவிட்டு. வயது, தொழில், நடந்த வரிசை ஆகியவற்றைத் தொடக் கூடாது. மூன்று பேரும் தேவை என்றால் மூன்று பேராகவே வரட்டும். ஒருவர் காட்சியாக, மற்ற இருவர் ஒவ்வொரு பத்தியில்.

கேள்வி: ஒரே விவரம் திரும்பத் திரும்ப வரலாமா?

வரலாம், ஒவ்வொரு முறையும் அதன் பொருள் மாறினால். கட்டுரைப் பிரிவுக்கான புலிட்சர் பரிசு முதன்முதலில் 1979இல் ஜான் பிராங்க்ளினுக்குக் கிடைத்தது, ஒரு மூளை அறுவை சிகிச்சையைப் பற்றிய கட்டுரைக்காக. நோயாளியின் இதயத் துடிப்பைச் சொல்லும் கருவியின் ‘பாப், பாப்’ ஒலி அதில் திரும்பத் திரும்ப வரும். முதலில் அது பின்னணிச் சத்தம். போகப்போக வாசகர் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறார். 1,200 சொல்லுக்குள் மூன்று முறை போதும். நான்காவது முறை வித்தையாகிவிடும்.

கேள்வி: கட்டுரையை எப்படி முடிப்பது?

“இவர்களுக்கு விடிவு பிறக்குமா?”, “அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்களா?” என்று கேள்விக்குறியில் முடிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அதிகாரியிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வாசகரிடம் தள்ளிவிடும் வேலை அது. கேளுங்கள், அவர் சொன்ன பதிலை எழுதுங்கள். பதில் தரவில்லை என்றால், எந்தத் தேதியில் எப்படிக் கேட்டோம் என்பதை எழுதுங்கள்.

வரைவு முடிந்ததும் கடைசிப் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு அதற்கு முந்தைய பத்தியைப் படியுங்கள். பாதிக்கு மேற்பட்ட வரைவுகளில் முடிவு அங்கேயே வந்திருக்கும். மறைத்தது அதன் விளக்கமாக இருக்கும்.

கேள்வி: அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

அச்செடுத்து, இரண்டு நிறப் பேனாக்களோடு உட்காருங்கள். குறிப்பேட்டிலோ பதிவிலோ ஆதாரம் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பச்சைக் கோடு. உவமை, உருவகம், மனவோட்டம், “எல்லோரும்”, “எப்போதும்” ஆகியவற்றுக்குச் சிவப்பு. சிவப்புக் கோட்டுக்கு மிக அருகில் பச்சை இல்லை என்றால் அந்த வாக்கியத்தை எடுங்கள், அல்லது தொலைபேசியில் கேட்டுச் சரிபாருங்கள். பிறகு மேற்கோள்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் நீங்கள் திருத்தியிருப்பீர்கள், பதிவைப் போட்டுக் கேளுங்கள். பெயர், வயது, தேதி, கூட்டல் கழித்தலைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நடையைத் தொட வேண்டாம்.